ராஜம் மிஸ்ஸியின் வலது கால்

செய்தி வந்தபோது நான் ஒரு குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். டெலிபோனை எடுத்த ஆயா என்னிடம் நீட்டினாள். பெரியாஸ்பத்திரி வார்டிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். ராஜம் மிஸ்ஸி காலையில் இறந்துவிட்டார், கடைசிவரை நினைவு திரும்பவில்லை என்றாள். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டு, தராசு முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னேன். ஆயா எழுதிக்கொண்டாள். பிறகு அதே எடையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றேன். பிள்ளையின் தாய் எழுந்து வந்து, என்னைத் தள்ளாத குறையாக, தன் குழந்தையைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டாள். நல்லவேளை, அவளுக்காவது புத்தி இருந்தது.

முந்தின நாள்தான் அவர் கம்பத்தில், ஒரு மலாய்க் கிராமத்தில், ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு வந்து கிளினிக்கில் கை கழுவினார். தலை வலிக்கிறது என்றார். தலைவலி என்று அவர் வாயிலிருந்து வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாத்திரை எடுக்க நான் திரும்பியபோது அவர் சரிந்துவிட்டார், கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்ததிலும் இருந்திருக்காது.

இன்று கருமாதிக்கு வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். உங்களில் சிலரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டதே அவர் கைதான். வந்தவர்களில் பலர் என்னிடம் ஒரே கதையைச் சொன்னீர்கள். மலாயாவுக்கு விடுதலை வந்த வருஷம் மிஸ்ஸிக்கு வாதம் வந்து கால் போனது, அவர் விடாமல் சைக்கிள் மிதித்துப் பயிற்சி செய்து அதைக் குணமாக்கிக்கொண்டார், என்ன ஒரு மன உறுதி என்று. தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலித்தது. அந்தக் கதையில் சைக்கிள் மட்டும்தான் உண்மை. மீதியைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனி அவர் சைக்கிளை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதால் இன்று சொல்கிறேன்.

மருத்துவச்சியை ஊரார் மிஸ்ஸி என்பார்கள், எனக்கு அவர் ராஜம் அக்கா. அவரும் நானும் ஒரே சமயத்தில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்தவர்கள். வயதில் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேனே தவிர, சண்டை போடுவதில் நாங்கள் சரிசமம். இரண்டு பேருக்கும் மலாக்காவில் காஜா பெராங் கிளினிக்கில் வேலை, ஆளுக்கு ஒரு அரசாங்க சைக்கிள், பின்னால் கட்டிக்கொள்ள ஒரு பை. சேர்ந்து போன முதல் பிரசவத்தில் தொப்புள்கொடியை நான்தான் கட்டினேன். தாயைத் துடைத்துப் படுக்கவைத்தாயிற்று, காப்பியும் வந்துவிட்டது. அக்கா காப்பியை வைத்துவிட்டுப் போய்க் குழந்தையின் துணியை விலக்கி என் கட்டைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். "உன்னை நம்புறேன். கொடிதான் சுருங்கும், அதை நம்பலை" என்றார். கட்டுவது பாதி வேலை, கட்டினதைத் திரும்பப் போய்ப் பார்ப்பது மீதி வேலை என்பது அவர் கட்சி. என் காப்பியோடு அவருடையதையும் நானே குடித்தேன்.

காய்ச்சல் வந்தது விடுதலை வருஷத்தின் தொடக்கத்தில். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து, அவர் சைக்கிளிலேயே கிளினிக்குக்கு வந்தார். மறுநாள் கட்டிலைவிட்டு இறங்கியபோது வலது கால் அவரைத் தாங்கவில்லை. இளம்பிள்ளை வாதம் வளர்ந்தவர்களுக்கும் வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தோம். படித்தது அவர் காலிலேயே வந்து உட்காரும் என்று யார் நினைத்தது. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வெளியே வந்தபோது, வலது தொடையைக் கையால் அழுத்திக்கொண்டுதான் ஒவ்வொரு அடியும் எடுத்து வைத்தார். தொடை பாதியாக வற்றியிருந்தது.

பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மெர்டேக்கா என்கிற விடுதலை விழாவெல்லாம் முடிந்த பிறகு அவரே நேரில் வந்து பார்ப்பார். கிளினிக்கிலிருந்து பாலம் வரை பையோடு சைக்கிளில் போய்த் திரும்பினால் வேலை உண்டு. முடியாவிட்டால் உடல்தகுதி இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார். சைக்கிள் ஏறாத மருத்துவச்சி கம்பத்துக்கு எதற்கு என்று அவர் கேட்டதில் தப்பில்லை, வலி எடுத்த பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டாள். ஆனால் அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை. கல்யாணமான வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. பிறந்தது ரப்பர் தோட்டத்தில். "தோட்டத்துக்கே திரும்பிப் போயிடலாம்னா, மரம் வெட்டிப் பால் எடுக்கவும் கால் வேணுமே சரசு. இனிமே நான் எதுக்கு ஆவேன்?" என்று கேட்டார். நான் அவரை அதட்டினேன்.

அவர் குடியிருந்தது காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில். மலாக்காச் செட்டிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும், சாமி நம்ம சாமி, பேச்சு மலாய். வீட்டுக்கார அம்மாவை நாங்கள் மாச்சிக் என்போம், மலாயில் அத்தை மாதிரி. அவர் வீட்டு முற்றத்தில் அக்காவின் சைக்கிளைப் பின்சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் உயர்த்தி நிறுத்தினோம். அக்கா ஏறி உட்கார்ந்து, கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மிதிக்கவேண்டும். வலது பாதம் மிதிக்கட்டையில் நிற்காமல் நழுவியது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வயிற்றில் சுற்றிக் கட்டுவோமே, பெங்குங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நீளத் துணி, அதைக் கிழித்துப் பாதத்தை மிதிக்கட்டையோடு சேர்த்துச் சுற்றினார். கால் நின்றது.

சுற்றுகளைக் கணக்கு வைக்கவேண்டும், ஒரே வேகத்தில் மிதிக்கவேண்டும், அப்போதுதான் தசை ஊறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் அக்கா சாய்ந்துவிடுவார். அதனால் அவருக்குச் சத்தம் வேண்டியிருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி. ஹேண்டிலில் இருந்த மணியைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்ச் சட்டத்தில் பொருத்துவது, மிதிக்கட்டையைத் தாங்குகிற கிராங்குத் தண்டில் ஒரு குச்சியைக் கட்டுவது, தண்டு சுற்றிவரும்போது குச்சி மணியின் நாக்கைத் தட்டிவிட்டுப் போவது. சொல்ல எளிது.

முதலில் வலது கிராங்கில்தான் கட்டினார், நோயாளி அந்தக் கால்தானே. அந்தப் பக்கம் சங்கிலிமூடி இருந்தது, குச்சி அதில் இடித்து முறிந்தது. சாலையை நாங்கள் சடக்கு என்போம், அந்தச் சடக்கோரத்துச் சைக்கிள் கடைச் சீனர் வந்து பார்த்துச் சிரித்தார். இடது பக்கம் வெறும் தண்டுதானே, அங்கே கட்டு, இரண்டும் ஒரே அச்சு, இது சுற்றினால் அதுவும் சுற்றும் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. அவரே இரும்புக் கம்பியால் முறுக்கியும் கொடுத்தார். தண்டு வழுவழுவென்று நிக்கல் பூச்சோடு இருந்ததால் கொஞ்சம் மிதித்ததும் கம்பி வழுக்கித் திரும்பியது. குச்சி சட்டத்துக்கும் தண்டுக்கும் நடுவே சிக்கி, ஓடிக்கொண்டிருந்த மிதிக்கட்டை சட்டென்று நின்றது. கட்டிப்போட்டிருந்த வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. அக்கா வீறிட்டார். வலியைவிட, "ஒரு குச்சியைக்கூட என்னால நிறுத்த முடியலையே" என்று அவர் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் நான் போனபோது தரையில் உட்கார்ந்து அவரே வேலையைத் தொடங்கியிருந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் தண்டின் பிசுக்கையெல்லாம் துடைத்து உலர்த்தினார். பழைய டியூப் ரப்பரை இழுத்துப் பிடித்துத் தண்டைச் சுற்றி ஒரு படுகை போட்டார். குச்சிக்குப் பதில் குடைக்கம்பித் துண்டு, வளைந்து கொடுக்கும், முறியாது. அதை ரப்பரின் மேல் வைத்து, எங்கள் பையில் இருக்கும் தொப்புள்கொடி நாடாவால், கொடி கட்டுவது போலவே தள்ளித்தள்ளி இரண்டு இடத்தில் இறுக்கினார். தண்டைக் கையால் மெல்ல ஒரு முழுச்சுற்று சுற்றி, கம்பி சட்டத்தில் படாமல், குதிகாலில் இடிக்காமல், மணியின் நாக்கை மட்டும் தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார். பிறகு தேநீர் போடச் சொன்னார். குடித்து முடித்ததும் திரும்பப் போய் முடிச்சைப் பார்த்தார். ரப்பர் அமுங்கி நாடா தளர்ந்திருந்தது. "பாத்தியா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி இறுக்கினார். அந்தக் கட்டு அதன்பிறகு அசையவே இல்லை.

மணி அடிக்க ஆரம்பித்தது. முதல் நாட்களில் தயங்கித் தயங்கி, பிறகு சீராக. மாச்சிக் அடுப்படியில் மிளகாய் அரைத்துக்கொண்டே காது கொடுப்பார். மணி கொஞ்சம் தாமதித்தால் "லாகி, ராஜம், லாகி!" என்று குரல் வரும், இன்னும், இன்னும் என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் வந்து விசாரித்தார்கள். நான் மாலையில் போனால் அக்கா கதவைத் திறக்கும் முன்பே அந்தச் சத்தம் எனக்குச் செய்தி சொல்லிவிடும். ஊரெங்கும் கொடியும் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாலான் பெண்டஹாராத் தெருக் கடைகளில் துணி வாங்கும் கூட்டம் அலைமோதியது. எங்கள் விழா இந்த முற்றத்தில் நடந்துகொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். கிளினிக் மேட்ரனிடம்கூடப் பெருமையடித்தேன், மிஸ்ஸி நிற்காமல் சுற்றுகிறார், கவலையே வேண்டாம் என்று.

விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மாலை அக்கா மிதிப்பதை நிறுத்தினார். "சரசு, எனக்கு இடது கால் வலிக்குது" என்றார். வலிக்காமல் என்ன செய்யும், இவ்வளவு மிதிக்கிறீர்களே என்றேன். "இடது கால்தான் வலிக்குது. வலது ஒரு நாளும் வலிச்சதில்லை. வேலை செஞ்ச கால்னா வலிக்கணுமில்ல?" என்றார். இடது பாதத்தை மிதிக்கட்டையிலிருந்து எடுத்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் மட்டும் மிதிக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டியிருந்த பாதம் கீழே தொங்கியபடி நின்றது. அடுப்படியில் அம்மி சத்தம் நின்று, மாச்சிக் எட்டிப் பார்த்தார். "மணி ரோசாக்கா?" என்றார், கெட்டுப்போய்விட்டதா என்று. "மணி நல்லாத்தான் இருக்கு மாச்சிக். நான்தான் ரோசாக்" என்று அக்கா மலாயும் தமிழுமாகச் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை வெளியே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். வீல் என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டால் போதும், பிள்ளையை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பிவிடுவோம். சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது, இனி பயமில்லை. இரண்டு மருத்துவச்சிகள் அந்த முற்றத்தில் செய்ததும் அதுதான். மணிச் சத்தம் கேட்டதும் நிம்மதியாகத் திரும்பிவிட்டோம், காலைப் பார்க்கவே இல்லை. வேறு யாராவது, ஒரு கொத்தனாரோ தையல்காரரோ பக்கத்தில் இருந்திருந்தால், எந்தக் கால் மிதிக்கிறது என்று முதல் நாளே பார்த்திருப்பார். இடது கால் தள்ளிய தள்ளில்தான் இத்தனை நாளும் அந்த மணி அடித்திருக்கிறது.

அக்கா அன்று இடதுபக்க மிதிக்கட்டையையே கழற்றச் சொன்னார். தன் இடது காலை அவர் நம்பவில்லை, சமயம் பார்த்து உதவிக்கு வந்துவிடும் என்றார். அந்தப் பக்கத்து மரை தலைகீழாகத் திரும்பும், எனக்குத் தெரியாமல் ஸ்பானரை எதிர்ப்பக்கம் முறுக்கி இன்னும் இறுக்கிவிட்டேன். ஒருவழியாகக் கழற்றிய பிறகு அவர் ஏறி உட்கார்ந்தார். அந்த நாட்களை நினைக்க எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வியர்வை மூக்கு நுனியில் சொட்டும், கால் அசையாது. கையால் தொடையைக் குத்துவார். சாமியை வாய்க்கு வந்தபடி திட்டுவார், பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வார். மாச்சிக் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, எங்கள் பக்கத்தில் பிரசாதத்தை வைத்துவிட்டுப் போனார். ஒருநாள் அக்கா, "வலி எடுத்துப் பிள்ளை வராம கிடக்குறவளைப் பாத்து, முக்கு முக்குன்னு எத்தனை தடவை கத்திருப்பேன்? முக்கினாலும் வராதுன்னா என்னான்னு இப்பதான் தெரியுது" என்றார். நான் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டேன்.

மெர்டேக்காவுக்கு முந்தின மாலை என்னைப் பார்த்ததும், "மிதிக்கட்டையைத் திரும்ப மாட்டு" என்றார். கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டே ஸ்பானரைத் தேடப் போனேன். அவர் கைவிடவில்லை.

"அந்த மணி எத்தனை நாள் அடிச்சுது?"

"அது இடது கால் மிதிச்சதுக்கா. அதைத்தானே நீங்களே கண்டுபிடிச்சீங்க."

"இடதோ வலதோ, சைக்கிள் சுத்துச்சில்ல? கால் குணமாகணும்னு டாக்டர் கேக்கலை. பாலம் வரைக்கும் போயிட்டு வரணும்னுதான் கேட்டாரு."

"ஒத்தைக் காலாலயா? இடது கீழ போனா திரும்ப எப்படிக்கா மேல வரும்?"

"இந்தக் கட்டை இருக்குதே" என்று தன் வலது தொடையைத் தட்டினார். "உசிர் இல்லாட்டியும் கனம் இருக்குல்ல? நான் இடதை அமுக்கினா இது மேல போகும். மேல போனது தன் கனத்துல கீழ விழும். விழுந்தா இடது மேல வரும். இத்தனை நாளும் அப்படித்தான் வந்திருக்கு."

நான் மிதிக்கட்டையை எடுத்து மாட்டினேன். கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எனக்குள் நின்றது. இடது பக்கம் சாய்ந்தால் காலை ஊன்றலாம். வலது பக்கம் சாய்ந்தால், கட்டிய பாதம் சைக்கிளோடு சேர்ந்துதான் போகும்.

மறுநாள் காலையில் மலாக்கா முழுவதும் விழாத் திடலில் இருந்தது. மாச்சிக்கும் புதுச் சாரோங் கட்டிக்கொண்டு போய்விட்டார். காஜா பெராங் சடக்கில் காக்கைகூட இல்லை. அதற்காகவே அந்தக் காலையை அக்கா தேர்ந்தெடுத்திருந்தார், விழுந்தால் பார்க்க யாரும் இருக்கக்கூடாது. மணியைக் கழற்றிப் பழையபடி ஹேண்டிலில் மாட்டினோம். இருக்கையில் அவர் உட்கார, நான் மண்டியிட்டு வலது பாதத்தைத் துணியால் சுற்றிக் கட்டினேன். இடது காலால் தரையை உந்தித் தள்ளினார், நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். விழுந்தார். தூக்கினேன். மறுபடி விழுந்தார். திடலில் ஜனங்கள் போட்ட கோஷம் காற்றில் வந்தது, அக்கா முழங்கை தேய்ந்து இரத்தம் வடிய, "விடாதே, விடாதே" என்று என்னிடம் கெஞ்சினார், பிறகு "விட்டுத் தொலைடி!" என்று கத்தினார். விட்டுவிட்டேன். சைக்கிள் வளைந்து வளைந்து போய்ச் சடக்குத் திருப்பம் வரை போனது. நான் அங்கேயே நடுச்சடக்கில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் வந்த அன்று கிளினிக் வாசலில் நான் பையைக் கட்டுகிற சாக்கில் குனிந்து, வெள்ளைக் காலுறைக்கு மேல் வெள்ளைத் துணியால் பாதத்தைக் கட்டினேன். அக்கா பாலம் வரை போனார், திரும்பினார். டாக்டருக்கு எந்தக் கால் என்பதே மறந்துவிட்டது, மேட்ரனைக் கேட்டார். வலது கால் என்றார் மேட்ரன். டாக்டர் சுற்றிவரும் மிதிக்கட்டையைப் பார்த்து, "நன்றாகத்தானே சுற்றுகிறது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நாங்களே அப்படித்தான் ஏமாந்திருந்தோம். உள்ளே போய் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, என் கையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "செத்தாலும் சொல்லாதேலா" என்றார்.

அப்படித்தான் ஓட்டினார், சரிந்து விழுந்த நாள்வரை. அவர் நொண்டுவது உங்களுக்கெல்லாம் தெரியும், வியாதியின் மிச்சம் என்று நினைத்தீர்கள். வீட்டு வாசலில் குனிந்து அவர் காலுறையைச் சரிசெய்வதைப் பார்த்திருப்பீர்கள், அது முடிச்சை அவிழ்ப்பது. ஒரு மழைநாளில் இரண்டு பேரும் ஒரு பிரசவத்துக்குப் போனோம். தலைப்பிள்ளை, கால் முதலில் வருகிறது என்று ஆள் வந்து சொல்லியிருந்தான். வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் அவர் சக்கரம் வழுக்கியது, வலது பக்கம்தான் சாய்ந்தது. சைக்கிள் மேலே, அவர் கீழே, பாதம் கட்டோடு முறுக்கிக்கொண்டு தண்ணீரில். நான் இறங்கி ஓடி முடிச்சில் கை வைத்தேன். நனைந்த துணி இறுகிவிட்டது, பிரியவில்லை. அவர் என் கையைத் தட்டிவிட்டார். "என் காலு எங்க ஓடிப் போகப் போகுது? பையை எடுத்துக்கிட்டு நீ போடி, அங்க அவ தனியாக் கிடக்குறா" என்றார். நான் போனேன். பிள்ளையை எடுத்து, தாயைத் துடைத்து முடித்தபோது அவர் சேறும் சகதியுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முதலில் பிள்ளையின் கட்டைத்தான் பார்த்தார்.

அவரைக் குளிப்பாட்டியது மாச்சிக்கும் நானும். வலது கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துக் காப்புக் காய்த்திருந்தது. மாச்சிக் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெரியவர் வெள்ளைத் துணிக்கீற்றைக் கொண்டுவந்தார். சவத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவேண்டும், அது முறை. என்ன ஆனதோ எனக்கு, அந்தக் காலை மட்டும் கட்டாதீர்கள் என்று கத்தினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னை இரண்டு பெண்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். கட்டினார்கள். மயானத்தில் அவிழ்த்துவிடுவோம் அம்மா, அதுவும் முறைதான் என்று பெரியவர் சொன்னார். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. ஆண்கள் திரும்பி வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது நான் வாசலிலேயே நின்று, அவிழ்த்தீர்களா, அவிழ்த்தீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அவிழ்த்தோம் என்றார்கள். மழைத்தண்ணீரில் அவர் தட்டிவிட்ட என் கைக்கு அது போதவில்லை.

அவருடைய பொருள் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, கேட்கவும் இல்லை. மேட்ரன் கூப்பிட்டு, ராஜம் பார்த்த கம்பங்களையும் இனி நீதான் பார்க்கவேண்டும், வேறு ஆள் வரும்வரை என்றார். சரி என்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கம்பங்கள்தான். நேற்று முழுவதும் சுற்றினேன். பாலத்துக்கு அப்பால், அவர் கம்பங்களுக்குப் போகிற வழியில் ஒரு மேடு இருக்கிறது, அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு காலாலும் மிதித்தும் என்னால் அதில் ஏற முடியவில்லை, பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.